வட்டில் இடம் பகிர்தல்

ஒரு கணினிக்குள் பல கணினிகளை இயக்கும் முறை மெய்நிகராக்கம் எனப்படும். வீட்டில் இயங்கும் சிறிய வழங்கியிலும் இது இயலும். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனக்கெனத் தனி வட்டு இருப்பதாகவே கொள்ளும். உண்மையில் அவை யாவும் ஒரே வன்தட்டையே பகிர்ந்துகொள்கின்றன.

இடம் ஒதுக்கும் முறைகள் இரண்டு. முழு ஒதுக்கீட்டில், குறித்த இடம் முழுவதும் தொடக்கத்திலேயே அளிக்கப்படும். பயன்படாவிடினும் பிறவற்றுக்குக் கிடைக்காது. மெல்லிய ஒதுக்கீட்டில், தரவு எழுதப்படும் அளவிற்கே இடம் செலவாகும். பிராக்ஸ்மாக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் இவ்விரு முறைகளும் உண்டு.

500 ஜிகாபைட் கொண்ட வன்தட்டில் மூன்று மெய்நிகர் கணினிகளுக்குத் தலா 200 ஜிகாபைட் மெல்லியதாக ஒதுக்கப்படுவதாகக் கொள்வோம். ஒதுக்கியது 600, இருப்பதோ 500. ஒவ்வொன்றும் 100 ஜிகாபைட் எழுதியபின், தன்னிடம் இன்னும் 100 மீதமிருப்பதாகக் காட்டும். அவற்றின் கூட்டுத்தொகை 300. உண்மையில் எஞ்சியிருப்பது 200 மட்டுமே.

வன்தட்டு நிரம்பிவிட்டால், மெய்நிகர் கணினி இடமிருப்பதாகக் காட்டினாலும் எழுதும் பணி தடைப்படும். கோப்புகள் சிதையவும் கூடும். குடும்பத்தின் பல்லாண்டு ஒளிப்படங்களும் அவற்றுள் அடங்கலாம். தேவையற்ற கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது. அழிக்கப்பட்ட செய்தியை வழங்கிக்கு உணர்த்தும் 'டிரிம்' கட்டளை செயற்பட்டால்தான் இடம் பொதுவிருப்பிற்குத் திரும்பும்.

ஆகவே, மெய்நிகர் கணினி காட்டும் அளவை நம்பாமல், வழங்கியின் உண்மை இருப்பை அவ்வப்போது கண்காணித்தலும், முதன்மைக் கோப்புகளுக்கு வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தலும் இன்றியமையாதவை.