மெய்நிகர் கணினித் திரையும் தமிழ்ப் புள்ளியும்

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. ஆயினும் ஓலை கிழியுமென அஞ்சி, ஏடெழுதியோர் புள்ளியிடாது விடுத்தனர். கற்றோர் அதனைத் தம் புலமையால் நிரப்பிப் படித்தனர். அவ்விடர்ப்பாடே இன்று கணினித் திரையில் வேறு வடிவில் எழுகின்றது.

1990களில் கணினி அச்சுக்கோப்பு பரவியபோது நிறுவனத்துக்கொரு எழுத்துருக் குறியீடு இருந்தது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் குறியீடுகள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் பேஜ்மேக்கரில் கோத்த மலர்களைத் திறக்கப் பழைய மென்பொருளும் பழைய விண்டோசும் வேண்டும். ஆகவே, புதிய கணினிக்குள் மென்பொருளால் மற்றொரு கணினியை அமைத்துக் கொள்கிறோம். அதுவே மெய்நிகர் கணினி.

வெர்ச்சுவல்பாக்சில் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவியவுடன் திரை பெரும்பாலும் 640×480 அல்லது 800×600 என்னும் சிற்றளவிலேயே தோன்றும். முன்னதில் படப்புள்ளிகள் 3,07,200. இன்றைய 1920×1080 திரையிலோ 20,73,600. முழுப்பக்கத்தையும் சிறுதிரையில் அடக்கினால் எழுத்தின் நுண்கூறுகள் மறைகின்றன. 'மலர்' என்பது 'மலர' ஆகும்; 'ஏரி', 'எரி' ஆகும்.

இதற்குக் காரணம் யாது? உள்ளிருக்கும் விண்டோஸ், தனக்கு அளிக்கப்பட்ட திரை அட்டையை இன்னதென்று அறியவில்லை. அறிவிக்கும் முறை வருமாறு:

1. மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு, அமைப்புகளில் திரை நினைவகத்தை உயர்த்துக. 1920×1080 திரைக்கு 32 பிட் வண்ணத்தில் ஏறத்தாழ 8 எம்பி தேவை. கூடுதலாகவே அளித்தல் நன்று.

2. கிராஃபிக்ஸ் கண்ட்ரோலர் என்னுமிடத்தில் எக்ஸ்பிக்கு உரிய விபாக்ஸ்விஜிஏ உள்ளதா எனக் காண்க.

3. மீண்டும் இயக்கி, டிவைசஸ் பட்டியலிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் குறுந்தகட்டுப் படிமத்தைச் செருகி நிறுவி, மறுபடி தொடங்குக. திரை இயக்கி இதனுள்தான் அடங்கியுள்ளது.

4. வியூ பட்டியலில் திரையளவு தானே மாறும் வசதியைத் தெரிவு செய்க.

ஸ்கேல்ட் மோட் என்பது இதற்கு மாற்றன்று. அது உள்ள புள்ளிகளை இழுத்துப் பெரிதாக்குமேயன்றிப் புதிய புள்ளிகளைத் தராது. எக்ஸ்பிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014இல் நின்றுவிட்டமையால் இணையத் தொடர்பைத் துண்டித்தே பயன்படுத்துக.

ஏட்டில் இல்லாத புள்ளியை நாம் இட்டது முறையே. திரையில் மறைந்த புள்ளியோ கோப்பில் உள்ளது. அதனைப் பிழையெனக் கருதி இன்னொரு புள்ளி இட்டால் நல்ல பாடமே பிழைபடும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் போன்ற நம் நாஞ்சில் நாட்டுப் புலவர்களைப் பற்றிய பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்ற முனையும் மாணவர்கள், முதலில் திரையைத் திருத்துக. பின்னரே பாடத்தைத் திருத்துக. பதிப்பாசிரியனுக்குரிய முதற்கடமை, தான் பார்ப்பது மூலத்தைத்தானா என்று உறுதி செய்து கொள்வதேயாகும்.