கண்ணில் படாத காசு: வாங்குவதும் மாற்றுவதும் கூடுமா?

திருவொற்றியூரில் குடியிருந்து, எண்ணூர் பக்கத்துக் கன்டெய்னர் யார்டு ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் என்னருகே வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றவர், கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னார்.

தங்கையின் நிக்காஹுக்காக அத்தா இவரிடம் கொடுத்து வைத்திருந்த பணத்தில் 20,000 ரூபாயை எடுத்து, செல்போன் மூலம் கிரிப்டோ நாணயம் வாங்கியிருக்கிறார். பத்து நாள் கழித்து 22,000 ரூபாய்க்கு விற்றார். விற்றது முகம் தெரியாத ஓர் ஆளுக்கு. அந்த ஆள் அனுப்பிய பணம் வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணமாம். அங்கே புகார் பதிவாகி, இவருடைய பேங்க் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது. சம்பளம் வருவதும் அதே கணக்கில். மீதி நிக்காஹ் பணம் இருப்பதும் அதே கணக்கில்.

"அத்தாகிட்ட இன்னும் சொல்லலை ஹஜ்ரத். நான் செஞ்சது ஹராமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அன்று. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் இன்று வாலிபர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சு அடிபடுகிறது. ஆகவே, சற்று விரிவாகப் பார்ப்போம்.

இது என்ன பொருள்?

பிட்காயின் என்ற முதல் கிரிப்டோ நாணயம் 2009ஆம் ஆண்டு புழக்கத்துக்கு வந்தது. இதை எந்த அரசாங்கமும் அச்சடிப்பதில்லை. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கேடு உலகெங்கும் பல கம்ப்யூட்டர்களில் ஒரே சமயத்தில் எழுதப்படுகிறது. ஓர் இரகசியச் சாவி எண் யார் கையில் இருக்கிறதோ, அவரே அந்த நாணயத்தைச் செலவிட முடியும். சாவி தொலைந்தால் நாணயமும் போயிற்று. 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலர் விலை போன பிட்காயின், 2022 நவம்பரில் 16,000 டாலர் அளவுக்கு இறங்கியது. டாலருக்குச் சமமாகவே நிற்கும் என்று சொல்லி விற்கப்பட்ட டெர்ரா யூஎஸ்டி என்ற நாணயமோ 2022 மே மாதத்தில் சில நாட்களிலேயே தரைமட்டமாயிற்று.

மாற்றும் முறை

ரூபாயை இதுவாக மாற்றும் வழிகள் இரண்டு. ஒன்று, பதிவு பெற்ற பரிவர்த்தனை நிறுவனம். பான் கார்டு முதலிய அடையாளங்களைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, பேங்கிலிருந்து ரூபாய் அனுப்பி, நாணயம் வாங்க வேண்டும். திரும்ப விற்றால் ரூபாய் நம் பேங்குக்கே வரும். 2023 மார்ச் முதல் இந்நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. மற்றொன்று, ஆளுக்கு ஆள் நேரடியாக மாற்றிக்கொள்வது. இதில் நமக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியாது. நம் தம்பி சிக்கியது இங்கேதான்.

வரியையும் கணக்கில் வைக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி. அதன்மேல் 4 சதவீத செஸ். 2,000 ரூபாய் லாபம் என்றால் 624 ரூபாய் வரிக்குப் போகும். 2022 ஜூலை முதல், விற்கும் தொகையில் 1 சதவீதம் முன்னதாகவே பிடிக்கப்படுகிறது. வருமானக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை வரியில் கழித்துக்கொள்ளலாம். ஒரு நாணயத்தில் 5,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 5,000 ரூபாய் நஷ்டம் என்றால் கைக்கு வந்தது ஒன்றுமில்லை. ஆனால் லாபத்துக்குரிய வரியைக் கட்டியே ஆக வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலாவது, இது 'மால்', அதாவது பொருள்தானா என்பதிலேயே இன்றைய உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் தாருல் இஃப்தா 2018 ஜனவரியில் இதைக் கூடாது என்றது. இந்தோனேஷிய உலமா மஜ்லிஸ் 2021 நவம்பரில், நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழுவோ 2020இல், பதிவு பெற்ற சந்தையில் சில நிபந்தனைகளோடு வாங்கி விற்கலாம் என்றது.

நம் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், கிரிப்டோ ஒரு சொத்து என்று கூறியது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. அங்கே நாணயம் வைத்திருந்தவர்கள் அதை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில்தான் இவ்வாறு சொல்லப்பட்டது. ஆனால் சகோதரர்களே! சட்டத்தில் சொத்து என்பது வேறு, மார்க்கத்தில் ஆகுமானது என்பது வேறு. சாராயமும் சட்டத்தில் சொத்துதான்.

இரண்டாவது, கைமாற்றம். பணத்துக்குப் பணம் மாற்றுவதற்கு 'ஸர்ஃபு' என்று பெயர். ஒரே இனமானால் அளவு சமமாகவும், உடனுக்குடனும் இருக்க வேண்டும். இனம் வேறானால் விலை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் கைக்குக் கை மாற வேண்டும். உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து இது. கப்பல் வேலையில் இருப்பவர் டாலரை மண்ணடியில் கொடுத்துவிட்டு, 'ரூபாயை அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன்' என்றால் அது கூடாது. பேங்க் கணக்கில் வரவு வைப்பதும் கைக்கு வந்ததாகவே கொள்ளப்படும் என்று ஜித்தா ஃபிக்ஹு அகாடமி 1990இல் தீர்மானித்தது.

மூன்றாவது, 'ஃகரர்', அதாவது நிச்சயமற்ற வியாபாரம். இதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தண்ணீரில் நீந்தும் மீனை விற்பதை இதற்கு உதாரணமாக ஃபிக்ஹு கிதாபுகள் எடுத்துச் சொல்கின்றன. காசிமேட்டு ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மீன் கரையில் கொட்டப்பட்டு, கண்ணுக்கு முன் கிடந்த பிறகே அங்கே விலை கேட்கிறார்கள். படகு கடலில் இருக்கும்போது, வலையில் என்ன சிக்கும் என்று பந்தயம் கட்டுவதில்லை.

ஆகவே, இதைப் பணம் என்று கொண்டாலும் உடனே கைமாற வேண்டும். பொருள் என்று கொண்டாலும் நம் கைவசம் வந்த பிறகே விற்க வேண்டும். நாணயத்தை வாங்காமலே விலை ஏறுமா இறங்குமா என்று பணம் வைப்பது, கடன் வாங்கிப் பன்மடங்குக்கு ஆடுவது, நாணயத்தைக் கடனாகக் கொடுத்து வட்டி பெறுவது ஆகியவை எந்த நிலையிலும் கூடா. மற்றதில், உலமாக்கள் வேறுபட்டு நிற்கும்போது, சந்தேகமானதை விட்டு விலகுவதே பேணுதல் என்பது இந்த எளியவனின் கருத்து. அதையும் மீறி ஒருவர் இறங்குவாரானால், பதிவு பெற்ற இடத்தில், முழுக்கப் போனாலும் குடும்பம் பட்டினி கிடக்காத தன் சொந்தப் பணத்தில் மட்டும் செய்யட்டும்.

நான்காவதே நம் தம்பிக்கு மிக முக்கியமானது. அந்த 20,000 ரூபாய் அவருடையதன்று, அமானிதம். அமானிதப் பொருளைச் சொந்தக்காரரின் அனுமதியின்றிக் கையாண்டவர் அதற்கு முழுப் பொறுப்பாளியாகிறார். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் அந்தக் குற்றம் குற்றமே.

தம்பிக்குச் சொன்ன பதில்

"தம்பி, கிரிப்டோவைப் பற்றி உலமாக்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அமானிதத்தைப் பற்றி இரண்டு பேச்சு இல்லை. தவ்பா அதிலிருந்து தொடங்கட்டும். இன்றிரவே அத்தாவிடம் சொல்லிவிடுங்கள். 20,000 ரூபாயை உங்கள் உழைப்பிலிருந்து ஈடுகட்டுங்கள். வந்த 22,000 ரூபாயை உங்களுடையது என்று எண்ணாதீர்கள். அது பறிகொடுத்தவருடைய பணம் என்று உறுதியானால் அவருக்கே சேர வேண்டும். உங்களுக்குச் சேர வேண்டியதை அந்த ஆளிடம்தான் கேட்க வேண்டும். எந்த ஊர்ப் புகார் என்பதை பேங்கில் எழுத்து மூலம் கேட்டு வாங்கி, நீங்கள் விற்றதற்கான ஆதாரங்களோடு அந்தப் போலீசாருக்கு எழுதுங்கள். எதையும் மறைக்காதீர்கள்" என்றேன்.

மறுநாள் ஃபஜ்ருக்கு அத்தாவும் மகனும் சேர்ந்தே வந்தார்கள். தொழுகை முடிந்ததும் அந்தப் பெரியவர் என்னிடம், "பணம் போனாப் போவுது ஹஜ்ரத், சொன்னானே, அது போதும்" என்றார். இதை எழுதும் இன்று வரை கணக்குத் திறக்கப்படவில்லை. நிக்காஹை ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கையும், அதைப் போதுமாக்கிக்கொள்ளும் மனதையும் தந்தருள்வானாக! ஆமீன்.