பிள்ளைக்கு முதல் பிஸ்டல்: காசு கட்டும் முன்னால் பார்க்க வேண்டியவை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கி வந்தார். அதைப் பார்த்துவிட்டு "எனக்கும் ஒரு பிஸ்டல் வாங்கிக் குடுங்கப்பா" என்று பிள்ளை கேட்டால் பீளமேட்டில் இருந்தாலும் பெருந்துறையில் இருந்தாலும் அப்பாவுக்கு முதலில் வருவது பயம், அடுத்து விலையைப் பற்றிய கவலை. பயத்துக்கு அவசியமில்லை. விலையைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

1. பிள்ளை மனதில் வைத்திருப்பது எந்தப் போட்டி என்று முதலில் கேளுங்கள். ஓடி, திரும்பி, குனிந்து, இரும்புத் தகடுகளைச் சடசடவென்று சுட்டு விழுத்தும் வீடியோக்களைப் பார்த்திருந்தால், அது 'பிராக்டிகல் ஷூட்டிங்'. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1976-ல் ஜெஃப் கூப்பர் தலைமையில் அதற்கென்று ஓர் உலக அமைப்பு தொடங்கினார்கள். அங்கே பெரும்பாலோர் சுடுவது 9 மி.மீ. தோட்டாவில். நம் நாட்டில் அந்த அளவு படைகளுக்கும் போலீசுக்கும் உரியது. சாதாரணக் குடும்பத்துக்கு உரிமம் கிடையாது. அந்த வேகத்துக்குக் கிட்டத்தில் இங்கே இருப்பது 25 மீட்டர் ரேபிட் ஃபயர். ஐந்து இலக்கு, ஐந்து குண்டு. முதலில் 8 நொடி, அப்புறம் 6, கடைசியில் 4. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இதில்தான். ஆனால் அங்கே போகிறவர்களும் பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான் கை பழகுகிறார்கள். ஆகவே முதல் பிஸ்டல் ஏர் பிஸ்டல். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

2. உரிமம் பற்றி. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மி.மீ.க்கு மேலோ, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ இருந்தால்தான் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். போட்டிக்கான ஏர் பிஸ்டலின் ஆற்றல் சுமார் 6 ஜூல்தான். .22 பிஸ்டல் என்றால் கதை வேறு: 21 வயது நிரம்ப வேண்டும், மாநகருக்குள் போலீஸ் கமிஷனர், வெளியே கலெக்டர் என்று மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும்.

3. சேர்ந்த அன்றைக்கே வாங்காதீர்கள். முதல் மூன்று மாதம் கிளப் பிஸ்டலே போதும். கோவையில் ரைபிள் கிளப்பும் இருக்கிறது, தனியார் பயிற்சிக் கூடங்களும் இருக்கின்றன. அங்கே இரண்டு மூன்று மாடல்களைக் கையில் பிடித்துப் பார்த்த பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். இரண்டாவது மாதத்திலேயே "எனக்கு கிரிக்கெட்டே போதும்" என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டுங்க.

4. எந்தக் கண் ஆளும் கண் என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கிடையே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்துக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் மறையாமல் இருக்கிறதோ அதுதான் ஆளும் கண். வலதுகைப் பிள்ளைக்கு இடது கண் ஆண்டால் வாங்கும் முன்பே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். ஆளாத கண்ணை மறைக்கத் தகடு மாட்டலாம். அது 30 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது.

5. பிராண்டைவிடக் கைப்பிடி முக்கியம். வால்தர், ஸ்டெயர், மொரினி, ஃபைன்வெர்க்பாவ், பர்தினி எல்லாமே உலகப் போட்டிகளில் சுடப்படுபவை. தொடங்குகிற பிள்ளைக்கு இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் மதிப்பெண்ணில் தெரியாது. கைப்பிடி பொருந்தாவிட்டால் முதல் நாளே தெரிந்துவிடும். சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவு உண்டு. வலதுகை, இடதுகைக்கும் தனித்தனி. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொல்லி, பிறகு திறக்கச் சொல்லுங்கள். முன் குறியும் பின் குறியும் தானாகவே நேர்கோட்டுக்கு வந்திருந்தால் அளவு சரி. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தால் வேறு அளவு பாருங்கள்.

கொஞ்சம் உறுத்தினால் அரத்தால் ராவலாம், மரப்புட்டி வைத்து நிரப்பலாம். உலகமெங்கும் வீரர்கள் செய்வதுதான். நம் ஊரில் கணபதிப் பக்கம் போனால் அச்சு அசலாக ஒரு கைப்பிடியைக் கடைந்து கொடுக்கும் பட்டறைக்காரர் கிடைக்காமல் போக மாட்டார். ஆனால் அவருக்கு விதி தெரியாது. கைப்பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, கையடியில் வரும் தாங்குதட்டு மேல்நோக்கி வளையக் கூடாது. மரத்தை மட்டும் அவரிடம் கொடுங்கள். டிரிகரும் காற்றுச் சிலிண்டரும் பட்டறைப் பக்கமே போக வேண்டாம்.

6. எடைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒற்றைக் கையில் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடிக்கட்டும். ஏர் பிஸ்டலும் ஏறக்குறைய அந்த எடைதான். விதியின் உச்சவரம்பு 1,500 கிராம். போட்டியில் 60 குண்டு, ஒன்றேகால் மணி நேரம், முழுக்க ஒரே கை. பத்து நொடியில் தோள் தொங்கினால் எடை குறைந்த மாடலைப் பாருங்கள்.

7. டிரிகரை இழுக்கும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். தாங்காவிட்டால் அந்தப் பிஸ்டலோடு களம் இறங்க முடியாது. விதியின் விளிம்பிலேயே வைக்காமல் பத்து இருபது கிராம் கூட்டி வையுங்கள். மின்னணு டிரிகர் அருமையானதுதான், ஆனால் முதல் பிஸ்டலுக்கு சாதாரண டிரிகர் போதும்.

8. பழையது வாங்கலாம், தப்பில்லை. வாங்கும்போது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். தயாரித்து 10 ஆண்டு தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. "புதுசு மாதிரி இருக்குதுங்க, பையன் நாலு தடவைதான் சுட்டான்" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தப் பையன் சுட்ட கணக்கு தேதியை மாற்றாது. புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

9. காற்று அடைப்பதில் விளையாட்டு வேண்டாம். சிலிண்டருக்கு 200 பார் அழுத்தம் தேவை. பஞ்சர் கடைக் கம்ப்ரசர் பத்து பாருக்கே திணறும். அதற்கென்று உள்ள கைப்பம்பிலோ கிளப்பின் பெரிய சிலிண்டரிலோதான் நிரப்ப வேண்டும். ஈரம் உள்ளே போகாமல் வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வெல்டிங் பட்டறைகள் நிறைந்த ஊர் நம்முடையது. "ஆக்சிஜன் இருக்குது, அதுலயே புடிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உயர் அழுத்த ஆக்சிஜனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் வெடிக்கும்.

10. குண்டு தட்டைத் தலையாக இருக்கட்டும். காகிதத்தில் வட்டமாகத் துளை விழும், மதிப்பெண் பார்க்க எளிது. ஈயம் கையில் ஒட்டும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்கைத் தொட விடாதீர்கள். குண்டு டப்பாவும் சாப்பாட்டு டப்பாவும் ஒரே பையில் போகவே கூடாது.

11. சுடாமலே வீட்டில் பழகலாம். 10 மீட்டரில் இலக்கின் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. அகலம், நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் வளையம் 11.5 மி.மீ. தான். ஹாலில் 5 மீட்டர் இடம் இருந்தால் 3 செ.மீ. வட்டமும், 3 மீட்டர்தான் என்றால் 1.8 செ.மீ. வட்டமும் வரைந்து, தரையிலிருந்து 140 செ.மீ. உயரத்தில் ஒட்டுங்கள். குழல் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வெறும் டிரிகரை மட்டும் இழுத்துப் பழக வேண்டும். தினமும் இருபது நிமிடம் போதும். செலவு ஒரு காகிதம்.

12. சுடாத நேரம் குழலில் பாதுகாப்புக் கொடி செருகியிருக்கட்டும். பீரோவில் பூட்டி, சாவியைப் பெரியவர் வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போகும்போது பிஸ்டலை எடுத்துப் போகாதீர்கள். "அந்த மயில் சோளத்தையெல்லாம் தின்னுது, ஒண்ணு வெச்சு வுடு கண்ணு" என்று மாமாவோ சித்தப்பாவோ சொல்லத்தான் செய்வார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. சிறைக்குப் போவது மாமா இல்லை.

13. பிஸ்டல் விலையோடு செலவு முடிவதில்லை. குண்டு, நுழைவுக் கட்டணம், கண்ணாடி, மாநிலப் போட்டிக்குப் போய்வரும் ரயில் செலவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஷூவுக்குக் கூட விதி உண்டு: கணுக்காலை மூடக் கூடாது. கையில் இருக்கும் மொத்தத்தையும் பிஸ்டலில் போட்டுவிட்டால் சுடக் குண்டு இருக்காது. கொஞ்சம் மலிவான பிஸ்டலும் நிறையக் குண்டும் வாங்குங்கள்.

14. பில் கிளப்பில் பதிந்திருக்கும் பெயரிலேயே இருக்கட்டும். பில், வாரண்டி அட்டை, சிலிண்டர் சான்று மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பிள்ளை அடுத்த பிஸ்டலுக்குப் போகும்போது இதை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அந்த உறையைத்தான்.