ஒரு பை தாய் வித்திலிருந்து முப்பது பை காளான் வித்து

சிப்பிக் காளான் வளர்க்கும் சிறு விவசாயிகளுக்கு வைக்கோல் வீட்டிலேயே கிடைத்துவிடும். குடிசைக்குக் கீற்றும் மூங்கிலும் ஒரு முறைச் செலவு. மாதந்தோறும் கையை விட்டுப் பணம் போவது வித்துக்குத்தான். அந்த வித்தும் சில சமயம் காலத்தில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், பஸ்ஸில் வெயில்பட்டு வந்து சேரும் பைகளில் சில கெட்டுப்போயிருக்கும். ஆகவே, படுக்கைக்கு இடும் வித்தை நாமே தயாரித்துக்கொள்ள முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள்.

முடியும். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆனால் எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். கெட்ட வித்தை இட்டால் வித்து மட்டும் நட்டமாவதில்லை. வைக்கோல், விறகு, ஆள் கூலி, மூன்று வாரக் காலம் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

உறை மோரும் காளான் வித்தும்

ஒரு கரண்டி மோரை உறை ஊற்றி ஒரு குடம் பாலைத் தயிராக்குகிறோம். அந்தத் தயிரிலேயே மறுநாளுக்கு உறை எடுத்து வைக்கிறோம். வருடக்கணக்கில் இப்படியே நடக்கிறது. ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் ஈஸ்ட்டையும் இவ்வாறே சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்குகிறார்கள். காளான் வித்தும் அதே முறைதான் என்றாலும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு.

தயிர்க் கிருமிகள் வேகமாகப் பெருகிப் பாலைப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு மற்றக் கிருமிகளை நெருங்க விடுவதில்லை. ஈஸ்ட்டுக்கும் அது உண்டாக்கும் சாராயமும் புளிப்பும் காவலாக இருக்கின்றன. காளான் பூசணத்துக்கு இப்படிப்பட்ட காவல் கிடையாது. அதன் வெள்ளை இழை ஒரு பைச் சோளம் முழுவதும் பரவ 10 முதல் 15 நாள் ஆகும். கெடுதல் செய்யும் பாக்டீரியாவோ, ஈரமும் சூடும் இருந்தால், அரை மணிக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். ஆகவே காளான் இழைக்கு நாம்தான் காவல் இருக்க வேண்டும். பையினுள் முதலில் ஓர் உயிரும் இல்லாமல் செய்து, பிறகு காளானை மட்டும் உள்ளே விட வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது?

காளானின் திசுவிலிருந்து பூசணத்தைப் பிரித்தெடுத்து வளர்ப்பது ஆய்வுக்கூட வேலை. அந்தப் பூசணத்தைச் சோளத்தில் வளர்த்தால் அது தாய் வித்து. தாய் வித்திலிருந்து பெருக்குவது படுக்கை வித்து. நாம் கையில் எடுக்க வேண்டியது இந்தக் கடைசிப் படியை மட்டுமே.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலையம் போன்ற நம்பகமான இடத்திலிருந்து ஒரு பை தாய் வித்து வாங்குங்கள். கோ-1, ஏ.பி.கே.-1, பி.எப். என இரகப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பை முழுவதும் வெண்மையாக இருக்க வேண்டும். தயாரித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனதை வாங்க வேண்டாம்.

300 கிராம் உள்ள ஒரு தாய் வித்துப் பையைப் பைக்கு 10 கிராம் வீதம் பகிர்ந்தால் 30 பை படுக்கை வித்து கிடைக்கும். ஒரு பை இரண்டு படுக்கைகளுக்குப் போதும். அதாவது ஒரே ஒரு தாய் வித்து 60 படுக்கைகளுக்கு ஆகிறது. சிக்கனம் இங்கேதான் இருக்கிறது.

சோளம் பக்குவம் செய்தல்

30 பைகளுக்குச் சுமார் 6 கிலோ வெள்ளைச் சோளம் வேண்டும். புழு அரிக்காத, புதிய தானியமாக இருக்கட்டும். விதைக்கு என்று மருந்து கலந்து விற்கும் சோளத்தைத் தொடவே கூடாது. பூசணக் கொல்லி மருந்து காளானையும் கொன்றுவிடும்.

சோளத்தை நன்றாகக் கழுவி, பதரை நீக்கி, அரைவேக்காடாக வேக வைக்கவும். நகத்தால் அழுத்தினால் அழுந்த வேண்டும். ஆனால் தானியம் வெடித்து மாவு வெளியே வரக்கூடாது. வெந்ததும் நீரை வடித்து, சுத்தமான சாக்கில் நிழலில் பரப்பவும். கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்தால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது. புதிதாகத் தொடங்குபவர்களின் பைகள் பெரும்பாலும் கெடுவது இந்த ஈரத்தால்தான்.

உலர் சோளம் கிலோவுக்கு 20 கிராம் வீதம் கால்சியம் கார்பனேட் தூளைக் கலக்கவும். தானியம் ஒன்றோடொன்று ஒட்டாமலும் புளிப்பு ஏறாமலும் இது காக்கும்.

கலந்த சோளத்தைப் பைக்கு 300 கிராம் வீதம் நிரப்பவும். பை பாலிபுரொப்பிலீன் பையாக இருக்க வேண்டும். சாதாரணப் பாலிதீன் பை குக்கர் சூட்டில் இளகிவிடும். பையின் வாயை ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் வளையத்தின் வழியே இழுத்து மடித்து, தண்ணீர் உறிஞ்சாத பஞ்சால் அடைத்து, அதன் மேல் தாளைச் சுற்றி ரப்பர் வளையம் போடவும்.

குக்கரில் சிக்கனம் வேண்டாம்

வைக்கோலை ஒரு மணி நேரம் கொதிநீரில் வேக வைத்தால் போதுமே, சோளத்தையும் அப்படியே அவித்தால் என்ன என்று கேட்கலாம். போதாது. கொதிநீர்ச் சூட்டையும் தாங்கி உயிரோடு இருக்கும் பாக்டீரிய வித்துகள் தானியத்தில் உண்டு. சோளத்தில் சத்தும் அதிகமாகையால் அவை விரைவில் பெருகிவிடும். அழுத்தத்துடன் கூடிய நீராவி தந்தால்தான் அவை சாகும். வீட்டுப் பிரஷர் குக்கர் இதற்குப் போதும்.

குக்கரின் அடியில் தாங்கி வைத்துத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றவும். பைகளை நெருக்கித் திணிக்காமல் நிறுத்தி வைக்கவும். முழு அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து, அதே அழுத்தத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைக்கவும். சோறு வடிக்கும் நேரத்தைவிட இது மிக அதிகம். தண்ணீர் வற்றினால் குக்கர் கெடும், ஆபத்தும் உண்டு. ஆகவே எவ்வளவு தண்ணீர் இரண்டு மணி நேரம் தாங்குகிறது என்று முதலில் பை இல்லாமல் வைத்துப் பாருங்கள். ஆவி தானாக அடங்கும் வரை மூடியைத் திறக்க வேண்டாம்.

ஒரு பெரிய குக்கரில் ஒரு தடவைக்கு ஏழெட்டுப் பைகளே கொள்ளும். 30 பைகளுக்கு நான்கு தடவை, அதாவது ஒரு முழு நாள் ஆகும். நான்கு வீட்டார் சேர்ந்து நான்கு குக்கர் ஏற்றினால் காலைப் பொழுதிலேயே முடிந்துவிடும். தாய் வித்தின் விலையையும் பகிர்ந்துகொள்ளலாம்.

வித்து மாற்றுதல்

பைகள் இரவு முழுவதும் ஆறட்டும். சூடு இருக்கும்போது வித்து இட்டால் பூசணம் செத்துவிடும். மறுநாள் விடியற்காலையில், காற்று அசையாத நேரத்தில், வேலையைத் தொடங்குங்கள். காளான் குடிசைக்கும் வைக்கோற் போருக்கும் தொலைவான ஓர் அறையைத் தேர்ந்தெடுத்துக் கழுவி, சன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். குளித்து, துவைத்த துணி உடுத்தி வருவது நல்லது. அன்று குடிசைக்குள் போய்விட்டு வந்து இந்த வேலையைச் செய்யக்கூடாது.

மேசையையும் கைகளையும் ஸ்பிரிட்டால் துடைக்கவும். கை நன்றாக உலர்ந்த பிறகே விளக்கை ஏற்ற வேண்டும். ஈரக் கையில் தீப்பற்றும். தாய் வித்துப் பையை வெளியிலிருந்தே கசக்கித் தானியங்களைப் பிரித்துக்கொள்ளவும். பிறகு விளக்குச் சுடரின் அருகே பஞ்சை எடுத்து, பைக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு உதிர்த்து, உடனே பஞ்சை மூடவும். பேச்சு வேண்டாம். ஒருவர் பையைப் பிடிக்க, மற்றவர் வித்து உதிர்த்தால் வேலை விரைவாகும். ஒரு முறை பிரித்த தாய் வித்தை அன்றே முழுவதும் பயன்படுத்திவிட வேண்டும். மிச்சம் வைத்தால் அது கெடும்.

பைகளைக் குலுக்கி, சுத்தமான, வெயில் படாத அறையில் அடுக்கி வையுங்கள். 15 முதல் 18 நாளில் வித்து படுக்கைக்குத் தயாராகும்.

கெட்டதை அறிவது எப்படி?

மூன்றாம் நாளிலிருந்து தினமும் பார்க்கவும். பச்சையோ கறுப்போ தெரிந்தால் வேறு பூசணம் புகுந்துவிட்டது என்று பொருள். தானியம் கொழகொழவென்று புளித்த நாற்றம் அடித்தால் பாக்டீரியா. ஈரம் அதிகம் அல்லது குக்கர் நேரம் குறைவு. பஞ்சின் மேல் ஆரஞ்சு நிறப் பொடி கண்டால் அந்தப் பையை அங்கே திறக்கவே கூடாது. அந்தப் பொடி ஒரே நாளில் அறை முழுவதும் பரவிவிடும். ஈரத்துணியால் மூடி எடுத்துச் சென்று, நீராவியில் அவித்துப் புதைத்துவிடுங்கள். பாதி பை நன்றாகத்தானே இருக்கிறது என்று எடுத்து இடுவது பெரிய தவறு.

இத்துடன் நிறுத்துங்கள்

30 பை ஆனது. அதில் ஒன்றை எடுத்து இன்னும் 30 பை செய்யலாமே என்று ஆசை வரும். செய்ய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சிறு கலப்படம் ஒவ்வொரு மாற்றத்திலும் பெருகிக்கொண்டே போகும். பூசணமும் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டால் வீரியம் குறைந்து, மகசூல் இறங்கும். உறை மோர்ப் பழக்கம் இங்கே உதவாது. ஒவ்வொரு முறையும் புதிய தாய் வித்து வாங்குவதே முறை. 30 பைகளுக்குப் பங்கிட்டால் அந்தச் செலவு சொற்பம்தான்.

முதல் தடவையே 30 பை போட வேண்டாம். தாய் வித்தில் ஒரு பங்கை அனுபவம் உள்ளவரோடு பகிர்ந்துகொண்டு, 10 பை மட்டும் செய்து பாருங்கள். அதில் ஒன்றுக்கு மேல் கெட்டால், ஈரம், குக்கர் நேரம், அறைச் சுத்தம் மூன்றில் எது குறை என்று கண்டு திருத்தி, மறுபடி 10 பை செய்யவும். அதுவரை படுக்கைக்கு வேண்டிய வித்தை வழக்கம்போல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை பைகள் சுத்தமாக வந்த பிறகே சொந்த வித்தை நம்பி வைக்கோலை நனைக்கலாம்.