சைக்கிளோடு போய்ப் பார்

அல்சூர்,
பெங்களூரு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பழைய கார் ஒன்று எடுக்கப் போகிறாய், நாலு பேரும் உட்கார வேண்டும், சைக்கிளும் ஏற வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மாமா சொல்வதைக் கேட்டுக்கொள்.

எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் உன் சைக்கிளையும் கூடவே கொண்டு போ. விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். டிக்கி இத்தனை லிட்டர் என்று போடுகிறார்களே, அது பெட்டி படுக்கைக்கான கணக்கு. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் ஏறக்குறைய 170 சென்டிமீட்டர் நீளம். முன் சக்கரத்தைக் கழற்றினாலும் 140 வரும். நடு வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால், பெரும்பாலான குடும்பக் கார்களில் அது பின்னால் அடங்காது. அதனால் ஞாயிறு விடியலில் நந்தி மலைக்கு நீயும் மாப்பிள்ளையும் மட்டும் போகப் போகிறீர்களா, பிள்ளைகளும் வருவார்களா என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். அதைப் பொறுத்துத்தான் வண்டி.

இரண்டே பேர் என்றால் எர்டிகாவே போதும். 2018 கடைசியில் வந்த இரண்டாம் தலைமுறையாகப் பார். கடைசி வரிசை சமமாக மடங்கும், நடு வரிசையைப் பாதி மடிக்கலாம். எக்ஸ்எல்6-இல் நடுவில் தனித்தனி இருக்கைகள், இடையே ஒரு சந்து. சக்கரம் கழற்றிய ஃபோர்க் அந்தச் சந்தில் நுழைந்தால் நாலு பேரோடு ஒரு சைக்கிளும் போகும். நுழைகிறதா என்று அங்கேயே வைத்துப் பார். டிரைபரில் கடைசி இருக்கைகளைக் கழற்றியே எடுத்துவிடலாம். ஆனால் ஒரு லிட்டர் என்ஜின், சுமையோடு மலை ஏற அவ்வளவு தெம்பு போதாது. 2015-இல் வந்த ஹோண்டா ஜாஸின் மேல் வகைகளில் பின் இருக்கையின் அடிப்பாகம் மேலே தூக்கி நிற்கும், சக்கரம் கழற்றிய சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தலாம். எல்லா வகைகளிலும் கிடையாது, தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசு. இன்னோவா நம் பிடதியில் செய்கிற வண்டி, உழைப்பில் அதை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் எண்ணம். ஒரு குறை, கடைசி இருக்கைகள் பக்கவாட்டில் மடிந்து நிற்பதால் அகலம் போய்விடும். டாக்ஸியாக ஓடி வெள்ளைப் பலகைக்கு மாறிய இன்னோவாக்களும் சந்தையில் உண்டு. மீட்டரை நம்பாதே, பிரேக் பெடல் ரப்பரையும் ஸ்டியரிங் தோலையும் பார்.

பிள்ளைகளும் இரண்டு சைக்கிளும் சேர்ந்து போக வேண்டுமென்றால் பின்னால் மாட்டும் கேரியர்தான் வழி. நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் மறையக் கூடாது, மறைந்தால் அபராதம். நம் ஊர் ஹம்ப்புகளில் ஸ்ட்ராப் தளர்ந்துவிடும். கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே ஓரம் கட்டி இறுக்கிக்கொள். கூரை மேல் ரேக் மட்டும் வேண்டவே வேண்டாம். காரும் சைக்கிளும் சேர்ந்து மூன்று மீட்டரைத் தொடும். களைத்துத் திரும்பி, மேலே சைக்கிள் இருப்பதை மறந்து பேஸ்மென்ட்டுக்குள் இறக்கினால் சைக்கிளும் போச்சு, கூரையும் போச்சு.

சைக்கிளோடு போகச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சைக்கிளை ஏற்றும் சாக்கில் இருக்கைகளை மடிப்பாய், டிக்கி கார்ப்பெட்டைத் தூக்குவாய், ஸ்டெப்னியைப் பார்ப்பாய். தண்ணீரில் மூழ்கிய வண்டி தன்னைக் காட்டிக்கொடுப்பது அந்த இடங்களில்தான். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யெமலூர் பக்கம் கார்கள் முங்கிக் கிடந்ததை நீயே பார்த்தாய். சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அதே கதி. இன்சூரன்ஸ்காரர்கள் 'டோட்டல் லாஸ்' என்று தள்ளிய வண்டிகள்கூட ஏலத்தில் கைமாறி, கழுவிப் பளபளப்பாக்கி, வேறு ஊரில் விலைக்கு வந்துவிடும்.

ஸ்டெப்னி குழியில் விரலை விட்டுத் தடவு. காய்ந்த சேற்று மண் நறநறவென்று ஒட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழு. மேல் பாதி வெளுப்பாகவும், உள்ளே சுருண்டிருந்த அடிப்பகுதி பழுப்புக் கோட்டோடும் இருந்தால் எழுந்து வந்துவிடு. இருக்கையின் அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். உள்ளே வாசனை ஸ்பிரே தூக்கலாக இருந்தால் அதுவும் ஒரு சேதிதான். விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம் பாப்பா. ஏர்பேக் வயரில் ஈரம் புகுந்திருந்தால் வேண்டிய நேரத்தில் அது விரியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பின்னால் உட்காரப் போவது நம் பிள்ளைகள்.

பெட்ரோலா டீசலா என்று கேட்டாயாம். வாரம் முழுக்க ரிங் ரோட்டில் ஊர்கிற உனக்குப் பெட்ரோல். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் புகைபோக்கியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சுத்தமாவதற்கு வண்டி நல்ல வேகத்தில் ஓட வேண்டும். நெரிசலிலேயே கிடந்தால் அடைத்துக்கொள்ளும்.

ஓசூரில் விலை குறைவு என்று மாப்பிள்ளை சொன்னாராம். தமிழ்நாட்டு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். அதற்கு அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே ஆயுள் வரி. நாட்டில் வரி அதிகமுள்ள மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. வண்டியின் வயதுக்கு ஏற்ற வரியைக் கேட்டு, விலையோடு கூட்டிப் பார்த்தால் ஓசூர் லாபம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஆர்.சி.யில் பேங்க் கடன் இன்னும் இருந்தால் அது நீங்கும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதே. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள். வண்டி கைக்கு வந்த 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடு. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உனக்கு வராது. பிரீமியம் கூடும், அதையும் பட்ஜெட்டில் போட்டு வை.

பார்க்கப் போகும் நாளை முன்கூட்டியே சொல், நானும் வருகிறேன். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாயங்காலம் வரச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே.

அன்புடன்,
மாமா