ஒரே படிகத்தில் இரு பண்புகள்

நான் தங்கிப் படிக்கும் அடுகோடி, டீசல் எந்திரங்களுக்கு எரிபொருள் பாய்ச்சும் கருவிகளைச் செய்த மைக்கோ ஆலையால் பெயர் பெற்றது. அவ்வகைக் கருவிகளுள் இக்காலத்தன சிலவற்றில் ஒரு பீங்கான் அடுக்கு உண்டு. மின்னழுத்தம் தந்ததும் அது மிகச் சிறிதளவு நீளும். அந்நீட்சியே எரிபொருளின் வழியைத் திறந்து மூட உதவும். காரீயம், சிர்கோனியம், டைட்டேனியம், ஆக்ஸிஜன் ஆகியவை கூடிய அப்பொருளின் படிக அமைப்பைப் பெரோவ்ஸ்கைட் என்பர்.

அவ்வமைப்பு யாது? ஒரு கனசதுரத்தை எண்ணிக் கொள்ளுங்கள். எட்டு மூலைகளிலும் பெரிய உலோக அயனிகள். நடுவில் சிறிய உலோக அயனி ஒன்று. ஆறு முகங்களின் மையத்திலும் ஆக்ஸிஜன். அளவு பொருந்தினால் மூலையிலும் நடுவிலும் வெவ்வேறு உலோகங்களை அமர்த்தலாம். அப்பொருத்தத்துக்குக் கோல்ட்ஷ்மிட் 1926-இல் கணக்கு வகுத்தார்.

பேரியம் டைட்டனேட்டில், அறை வெப்பநிலையில், நடுவிலுள்ள டைட்டேனியம் சற்றே விலகி நிற்கிறது. அதனால் நேர் மின்னூட்ட மையமும் எதிர் மின்னூட்ட மையமும் பிரிகின்றன. இதுவே மின்முனைவு. புற மின்புலத்தால் அதன் திசையை மாற்றலாம்.

இதே படிகத்தைக் காந்தமாகவும் ஆக்கலாமா? இங்கேதான் இடர். டைட்டேனியம் விலகுவதற்கு அதன் ‘டி’ கூடு வெறுமையாக இருப்பது துணை செய்கிறது. காந்தத்துக்கோ அக்கூட்டில் இணை சேரா எலெக்ட்ரான்கள் வேண்டும். ஓர் உறையில் இரு வாள் புகுமோ?

பணியைப் பகிர்ந்தளித்தால் புகும். பிஸ்மத் பெர்ரைட்டைப் பாருங்கள். மூலையிலுள்ள பிஸ்மத்தின் தனி எலெக்ட்ரான் இணை அயனிகளை விலகச் செய்து மின்முனைவைத் தருகிறது. நடுவிலுள்ள இரும்பு காந்தப் பண்பைத் தருகிறது. அண்டை இரும்பு அயனிகளின் காந்தத் திசைகள் எதிரெதிராக நிற்பதால் மொத்தக் காந்த வலிமை குறைவே. எனினும் இரு பண்புகளும் அறை வெப்பநிலையில் நிலைக்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்ற இராமமூர்த்தி இரமேஷின் குழுவினர், 2003-இல் அமெரிக்காவில் இதனை மெல்லேடாக வளர்த்து, அதுவரை பருப்படிகத்தில் அளந்ததைவிடப் பன்மடங்கு மின்முனைவு கண்டனர். 2014-இல், இதன்மீது படிந்த காந்த உலோகத்தின் திசையை மின்புலத்தால் திருப்பிக் காட்டினர். மின்னோட்டத்தால் காந்தத்தைத் திருப்பினால் ஆற்றல் வெப்பமாக வீணாகும். மின்புலத்தால் திருப்பினால் அவ்வீண் குறையும். கணிப்பொறி நினைவகத்துக்கு இது பெரும் நன்மை.

ஆகவே தோழர்களே, பாடநூலில் இக்கனசதுரத்தைக் காணும்போது, எந்த இடத்தில் எந்த அயனி அமர்ந்துள்ளது என்பதோடு நில்லாதீர்கள். அங்கே அதற்கு என்ன பணி என்றும் கேளுங்கள். புதுப்பொருளை வகுக்கும் கலை அக்கேள்வியில் தொடங்குகிறது.