முதுமால்பும் புதுக்கயிறும்

மலைத்தேன் விரும்பிப் பழைய மால்பின் இயல்பறியாது அதன்மீது ஏறிய அறிவிலியொருவனைக் குறுந்தொகை 273ஆம் செய்யுள் உவமையாக்குகின்றது. மால்பென்பது கணுவே படியாக அமைந்த மூங்கிலேணி. செங்குத்துக் குகையிற் கயிறுபற்றி இறங்கப் பயில்வோருக்கு இதனினும் சிறந்த முதற்பாடத்தை யாம் அறியோம். இலங்கை வேடர் கொடியேணியிற் பாறைமுகட்டினின்று இறங்கித் தேனெடுத்தமையைச் செலிக்மன் தம்பதியரின் 1911ஆம் ஆண்டு நூல் கூறும்.

நம் மலைநாட்டுப் பாறை பெரும்பாலும் சுண்ணக்கல் அன்று; ஆதலின் ஆழ்குழிக் குகைகள் அரிய. ஆயினும் அருவிப்பாறையும் மண்சரிவும் நிறைந்த நாட்டில் இக்கல்வி வேண்டாததன்று.

குகைக்கயிறு அதிகம் நீளலாகாது. நீளின் ஏறுவோன் மேலுங்கீழும் துள்ள, கயிறு பாறைவிளிம்பில் அராவித் தேயும். நுனியில் முடிச்சிடாத கயிற்றில் இறங்குவோன் நுனி கடந்து வீழ்வான்.

முதற்பயிற்சி மரத்தடியில், ஆளுயரத்தில் நிகழ்க. கிறவீலியாக் கிளை காற்றுக்கே முறியும்; அதனை நம்பற்க. இறங்குமுன் ஏறக் கற்பிப்பதே முறை. 1931இல் ஒஸ்திரியரான கார்ல் புரூசிக் விளக்கிய முடிச்சு, மெல்லிய கயிற்று வளையத்தைப் பருங்கயிற்றிற் பன்முறை சுற்றி இடுவது. பாரம் ஏற இறுகும். பாரம் நீங்க நகரும். இத்தகைய இருவளையங்களை மாறிமாறி உயர்த்தி ஏறலாம். சேறுபடிந்த கயிற்றில் அது வழுக்குமாதலின், இக்காலத்தார் பல்லுடைய பற்றுகருவிகளையே பெரிதும் கொள்வர்.

இவற்றுள் அரியது, இறங்குகையில் இடைவழி நின்று ஏற்றத்துக்கு மாறுதல். மாறவறியாது அசைவின்றித் தொங்குவோன் சில நிமிடங்களில் நினைவிழத்தலும், மீட்கப்படாவிடின் உயிரிழத்தலும் கூடும். ஆதலின் மாணவன் இதனை இருளிலும், கைகள் ஈரமாயிருக்கையிலும் தடுமாறாது செய்யும்வரை அவனைக் குகைவாயிலுக்கு அழைத்துச் செல்லோம்.